குறைமாதக் குழந்தையின் எடை: எதுவரை ஏற்றுவது, எப்போது கையை எடுப்பது

குறைமாதத்தில் பிறந்த குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "எடை எவ்வளவு ஏறியிருக்கு?" டாக்டர் கேட்கிறார், கிராம சுகாதார செவிலியர் கேட்கிறார், ஊரிலிருந்து போன் பண்ணும் பெரியம்மா கேட்கிறார். முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு அது சரியான கேள்விதான். ஒன்றரைக் கிலோவில் பிறந்த குழந்தைக்கு இருபது கிராம் ஏறுவது பெரிய விஷயம். ஆனால் நாலு வயதிலும் ஐந்து வயதிலும் அதே கேள்வி அதே பதற்றத்தோடு தொடரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எடைக்காகப் போராட ஒரு காலம் உண்டு. அது முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எதை அளந்து, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வருவது என்பதைப் புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்காக இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சிகிச்சை முடிவெல்லாம் உங்கள் குழந்தை மருத்துவருடையது. அவர் முன்னால் சரியான கேள்விகளோடு போய் உட்கார இது உதவும்.

குறைமாதத்துக்கும் உடல் பருமனுக்கும் என்ன சம்பந்தம்?

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 2020இல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். 'ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது' என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தையின் எடையில் பெரும்பங்கு சேர்கிறது. சீக்கிரம் பிறந்த குழந்தை அந்த வேலையை வெளியே வந்து செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. டியூப் வழியாகப் பால், மூச்சுக்கு உதவி, இடையில் ஒரு கிருமித்தொற்று, இத்தனைக்கும் நடுவில். பிறந்திருக்க வேண்டிய தேதி வரும்போது இவர்களை நிறைமாதக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகள் எடையிலும் நீளத்திலும் குறைவு. ஆனால் உடம்பில் கொழுப்பின் விகிதம் அதிகம், தசை குறைவு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு கொஞ்சம் தூக்கல்.

ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான இன்சுலின் விஷயமும் உண்டு. அது சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை அதிகமாகச் சுரக்கும். அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எவ்வளவு சீக்கிரம் பிறந்தார்களோ அவ்வளவு அதிகமாகக் குழந்தைகளின் ரத்தத்தில் இன்சுலின் இருந்தது. பிறந்தபோதும் அப்படி, குழந்தைப் பருவத்திலும் அப்படி.

நம் நாட்டுக்கு நெருக்கமான இன்னொரு ஆய்வு டெல்லியில் நடந்தது. பிறந்ததிலிருந்து திரும்பத் திரும்ப எடையும் உயரமும் அளக்கப்பட்டுவந்த சுமார் 1,500 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனியாக நடந்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் நமக்கு முக்கியம். சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ இருந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு உயரத்துக்கு மிஞ்சி எடை வேகமாக ஏறியிருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட 12 வயதில் குண்டுக் குழந்தை இல்லை! அதாவது, குழந்தை 'குண்டா ஒல்லியா' என்று கண்ணால் பார்த்து எதுவும் தெரிந்துவிடாது. எந்த வயதில் எந்த வேகத்தில் ஏறியது என்பதுதான் கதை.

இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய்ப் பாலைக் குறைக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் பருமனாகிவிடுவதில்லை. பலர் சின்ன வயதில் ஒல்லியாகவும் சற்றுக் குள்ளமாகவும்தான் இருக்கிறார்கள். அதோடு, தொடக்க மாதங்களில் ஊட்டம் குறைந்தால் மூளைக்குத்தான் நஷ்டம். இங்கிலாந்தில் 1980களில் ஆலன் லூக்காஸின் குழு குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்குச் சாதாரண மாவுப் பாலும் இன்னொரு பிரிவுக்குக் கூடுதல் சத்துள்ள பாலும் கொடுத்துப் பார்த்தது. கூடுதல் சத்து பெற்றவர்கள் வளர்ச்சிச் சோதனைகளில் முன்னால் நின்றார்கள். அதே பிள்ளைகள் 13–16 வயதுக்கு வந்தபோது, கூடுதல் சத்து பெற்றவர்களிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி சற்று அதிகமாக இருந்தது. ஒரு கையில் மூளை, மறு கையில் பிற்கால வளர்சிதை மாற்றம், அதாவது உடம்பு சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதம். முதல் மாதங்களில் மூளைக்குத்தான் முன்னுரிமை. இதில் பெரும்பாலான குழந்தை மருத்துவர்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

படி 1: டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு தேதியும்

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை வாரம் எத்தனை நாளில் பிறந்தது, பிறந்த எடை, நீளம், தலைச் சுற்றளவு, வீட்டுக்கு வரும்போது இதே மூன்று அளவுகள், என்ன பால் எத்தனை மில்லி, என்னென்ன சொட்டு மருந்து. நீளத்தை எழுதாமல் விட்டுவிடுவது சகஜம். கேட்டு எழுதி வாங்குங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் விழித்திரைப் பரிசோதனைத் தேதியும் அதில் இருக்க வேண்டும். பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதைவிடவும் முன்பு.

இனி தேதி. டாக்டர்கள் 'கரெக்டட் ஏஜ்' என்று சொல்லும் திருத்திய வயதைக் கணக்குப் போட வாரங்களைக் கூட்டிக் கழித்துக் குழம்புகிறவர்கள் நிறைய. சுலபமான வழி ஒன்று: டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள். குழந்தை மார்ச் 5 அன்று 30 வாரத்தில் பிறந்தது, குறித்த தேதி மே 14 என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 14 அன்று குழந்தையின் திருத்திய வயது சரியாக 6 மாதம். பிறந்த தேதிப்படி 8 மாதம் 9 நாள். எடை, நீளம், குப்புற விழுவது, உட்காருவது, திட உணவு என எல்லாவற்றையும் இரண்டு வயது வரை திருத்திய வயதுப்படியே பாருங்கள்.

தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு. அது பிறந்த தேதிப்படிதான். 'சின்னக் குழந்தையாச்சே, கொஞ்சம் பொறுத்துப் போடலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

படி 2: மூன்று அளவுகள்

எடை மட்டும் எடுத்தால் பாதி விவரம்தான் கிடைக்கும். 400 கிராம் ஏறியிருக்கிறது, நீளமும் தலையும் கூடவே வளர்ந்திருக்கின்றன என்றால் அது நல்ல எடை. நீளம் அப்படியே நிற்க எடை மட்டும் ஏறினால் அதில் பெரும்பகுதி கொழுப்பு.

எடையைத் துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன், முடிந்தவரை ஒரே எடைக்கருவியில் பாருங்கள். இந்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அடுத்த வாரம் மருந்துக்கடையில் என்று மாற்றினால் கருவிகளுக்கு இடையிலான வித்தியாசமே உங்களைத் தூங்கவிடாது. தினமும் பார்ப்பதும் வேண்டாம். வீட்டுக்கு வந்த முதல் மாதம் வாரம் ஒரு முறை போதும். பிறகு தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம்.

நீளத்தை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டிப் பாதத்தைச் செங்குத்தாக வைக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் தையல் டேப்பை வைத்து எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு வயது வரை படுக்கவைத்து, பிறகு நிற்கவைத்து. நிற்கும்போது அளவு சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும். 'பிள்ளை குட்டையாயிட்டான்' என்று பதற வேண்டாம்.

தலைச் சுற்றளவுக்கு நீளாத டேப். புருவத்துக்கு மேலே தொடங்கிப் பின்தலையின் புடைத்த பகுதி வழியாக, வருவதிலேயே பெரிய சுற்று. முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும், பிறகு வேகம் குறையும். தலை வளராமல் நின்றாலும் திடீரென வேகம் பிடித்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

படி 3: எந்த வரைபடம்

குறைமாதக் குழந்தைக்கென்று தனி வரைபடங்கள் உண்டு. ஃபென்டன் வரைபடம், பிறந்த பிறகும் கர்ப்ப வாரக் கணக்கையே தொடர்ந்து எண்ணி, 50 வாரம் வரை. இன்டர்குரோத்-21 திட்டத்தின் குறைமாத வரைபடம் 64 வாரம் வரை, அதாவது குறித்த தேதிக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம். இந்தத் திட்டத்தில் குழந்தைகளை அளந்த ஊர்களில் நம் நாக்பூரும் ஒன்று. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வரைபடம், ஐந்து வயது வரை. ஐந்திலிருந்து 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடம். எது உங்கள் கையில் இருந்தாலும் இரண்டு வயது வரை புள்ளி வைப்பது திருத்திய வயதில்.

வரைபடத்தில் வளைந்து போகும் கோடுகள் அந்தந்த வயதுக் குழந்தைகளின் அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டுபவை. நடுக்கோட்டுக்கு மேலே பாதிப் பேர், கீழே பாதிப் பேர். தனியாக ஒரு புள்ளியை வைத்துக் கவலைப்படாதீர்கள். கீழ்க்கோட்டிலேயே இருந்தாலும் கோட்டுக்கு இணையாக மேலே போகிறதா என்று பாருங்கள். கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஊட்டக்குறைவு. நீளம் கூடவே வராமல் எடை மட்டும் இரண்டு கோடுகளைத் தாண்டி மேலே போனால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். கீழே இறங்கினால் காட்டுகிற நாம், மேலே தாண்டினால் இனிப்பு வாங்கிக்கொண்டு வருகிறோம்.

படி 4: பால் காலம்

மருத்துவமனையில் இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும் என்று பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, திருத்திய வயது மூன்று மாதம் ஆகும்வரை நாளுக்கு 20 முதல் 30 கிராம் போதுமானது. ஒரு வாரம் முழுக்க எடை ஏறவே இல்லை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு வேகம் தானாகவே குறையும். 'போன மாசம் 800 கிராம் ஏறினான், இந்த மாசம் 500தான்' என்பது நோயல்ல.

குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுக்கலாம். பிறகு மெல்ல மார்புக்கு மாற்றலாம். பாலாடையைக் கொதிநீரில் போட்டெடுப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. பீய்ச்சிய பால் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். போதவில்லை என்றால், மருத்துவமனையில் இருக்கும்வரை அங்கே தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதை வீட்டிலும் தொடருங்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய பழக்கம் அது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே இதைத் தொடங்கியதால் சிறிய குழந்தைகளின் இறப்பு கால்பங்கு குறைந்தது. பால் சுரப்பும் கூடும். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

தாய்ப்பாலில் கலக்கும் சத்துத் தூளையோ குறைமாதக் குழந்தைகளுக்கான மாவுப் பாலையோ டாக்டர் எழுதித் தந்திருந்தால், எழுதித் தரும் அன்றே 'எதுவரை?' என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கச் சொல்கிறவர்கள் நிறுத்தச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குழந்தையும் வேறு டாக்டரிடம் போய்விடும். நிறைமாதக் குழந்தை அளவுக்கு எட்டிவிட்ட பிறகும் கூடுதல் கலோரிப் பால் போய்க்கொண்டே இருக்கும். தேவையில்லாத எடை ஏற இது ஒரு முக்கியமான வழி.

மாவுப் பால் கலக்கும்போது டப்பாவில் சொன்ன தண்ணீருக்குச் சொன்ன கரண்டி, தலை தட்டி. 'கெட்டியா கொடுத்தா தெம்பா இருக்கும்' என்று ஒரு கரண்டி சேர்த்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, எடையும் தப்பான வழியில் ஏறும். தண்ணீரைக் கூட்டினால் மூளைக்கு நஷ்டம். பாட்டிலில் மிச்சமிருப்பதைக் குடிக்கவைத்தே தீருவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம்.

இரும்புச்சத்துச் சொட்டு, வைட்டமின் டி இரண்டையும் டாக்டர் சொன்ன மாதம் வரை விடாமல் கொடுங்கள். வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை பசும்பாலைக் குடிக்கவும் கொடுக்க வேண்டாம்.

படி 5: முதல் சோறு

'எடை கம்மி, நாலு மாசத்துலயே கூழ் ஆரம்பிச்சுடு' என்று எல்லா வீட்டிலும் யாராவது சொல்வார்கள். இதை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த சுமார் 400 குழந்தைகளில் ஒரு பாதிக்குத் திருத்திய வயது 4 மாதத்திலும், மறு பாதிக்கு 6 மாதத்திலும் திட உணவு தொடங்கினார்கள். 2017இல் முடிவு வெளியானது. ஒரு வயதில் எடையில் வித்தியாசமே இல்லை. நாலு மாதத்தில் தொடங்கியவர்கள்தான் மருத்துவமனையில் அதிகம் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே திருத்திய வயது 6 மாதம். அப்போது தலை நிற்க வேண்டும், பிடித்தால் உட்கார வேண்டும்.

எதைக் கொடுப்பது? கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்கும் பதம். வடிகஞ்சியும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. குழைத்த சாதம், பருப்பு, அரைக் கரண்டி நெய், மசித்த முட்டை, முள்ளில்லாத மீன், கேழ்வரகுக் கூழ், ஈரல் சாப்பிடும் வீடென்றால் கொஞ்சம் ஈரல். இந்த வயதில் நெய்யைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சர்க்கரைக்குத்தான் பயப்பட வேண்டும். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரை அறவே வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். தேனை ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. பாலில் நனைத்த ரஸ்க், பிஸ்கட் கொடுத்தாலும் எடைக்கருவி முள் நகரும், ஆனால் நீளம் நகராது.

குறைமாதக் குழந்தைகள் சிலர் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வார்கள், கொஞ்சம் கட்டியாக இருந்தாலே ஓங்கரிப்பார்கள். வாயில் டியூபும் சக்‌ஷனும் போய்வந்த நினைவை உடம்பு வைத்திருக்கிறது. அடம் என்று நினைத்து மூக்கைப் பிடித்துப் புகட்டினால் நிலைமை மோசமாகும். போனைக் காட்டி ஊட்டினால் அன்றைக்குக் கிண்ணம் காலியாகும், ஆனால் வயிறு நிறைந்தது தெரியாமல் சாப்பிடும் பழக்கம் அங்கேதான் முளைக்கிறது. உணவைக் கையால் தொட்டுப் பிசைய விடுங்கள். தரை அழுக்காகட்டும். பல வாரமாகியும் மாறவில்லை என்றால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு சேவை மையத்தில் விழுங்குதல், பேச்சுப் பயிற்சியாளர் இருப்பார். அரசு மையம், கட்டணம் இல்லை.

படி 6: இரண்டு வயதில் கணக்கைப் புதுப்பிப்பது

திருத்திய வயது இரண்டு ஆனதும் டாக்டரிடம் இதற்கென்றே ஒரு முறை போய் மூன்று அளவுகளையும் வரைபடத்தில் பாருங்கள். கேட்க வேண்டியது: "நீளத்துக்கு ஏற்ற எடை வந்துவிட்டதா?"

வந்துவிட்டது என்றால் போராட்டம் முடிந்தது. வயதுக்கான எடை கீழ்க்கோட்டில் இருந்தாலும் சரி. குழந்தை சிறியதாக இருக்கலாம், அதற்குள் அளவாக இருக்கிறதல்லவா! இனி நெய்யை வீட்டில் எல்லாருக்கும் போடுகிற அளவுக்குக் குறையுங்கள். சத்துமாவுக் கஞ்சியை உணவாகக் கொடுங்கள், உணவுக்கு மேல் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். பால் நாளுக்கு 400–500 மில்லிக்கு மேல் தேவையில்லை. இரவுப் பாட்டிலை நிறுத்துங்கள். இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 2 கிலோ ஏறினால் போதும். உயரம் வருடத்துக்கு 6, 7 செ.மீ.

வரவில்லை, நீளமும் பின்தங்கியே இருக்கிறது என்றால் ஹார்மோன் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கர்ப்ப வாரத்துக்கு உரிய எடையும் இல்லாமல் பிறந்த குழந்தைகளில் சிலர் உயரத்தில் எட்டிப்பிடிக்கவே மாட்டார்கள். அவர்களுக்குக் கூடுதலாக ஊட்டினால் அகலம்தான் கூடும்.

படி 7: மூன்றிலிருந்து ஆறு வயது வரை

என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்தின் மையம் இந்த மூன்று வருடங்கள்தான். ஆனால் இப்போதுதான் யாரும் அளப்பதில்லை. தடுப்பூசி முடிந்துவிட்டது, காய்ச்சல் வந்தால்தான் டாக்டர்.

எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த எண் முதல் வருடத்தில் ஏறும், பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே போய் ஐந்தாறு வயது வாக்கில் அடியைத் தொட்டு, மறுபடி ஏறத் தொடங்கும். அதனால்தான் நாலு வயதுப் பிள்ளைக்கு விலா எலும்பு தெரிகிறது, கன்னம் வற்றுகிறது. இயற்கையே அப்படி. குறைமாதக் குழந்தை வீட்டில் இதைப் பார்த்ததும் பழைய பயம் திரும்ப வந்துவிடுகிறது. பெட்டி பெட்டியாகப் பானப் பவுடர் வாங்குகிறார்கள். அதில் பலவற்றில் பெரும்பங்கு சர்க்கரை. அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லவேண்டி வந்தது.

அந்த எண் ஐந்து வயதுக்கு முன்பே திரும்பி ஏறத் தொடங்குவதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று வயதில் 92 செ.மீ., 13.5 கிலோ: பிஎம்ஐ 15.9. நாலு வயதில் 99 செ.மீ., 15 கிலோ: 15.3. இறங்குகிறது, நல்லது. ஐந்து வயதில் 105 செ.மீ., 18.5 கிலோ: 16.8. இந்தக் குழந்தையை யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். 'இப்பதான் உடம்பு தேறியிருக்கு' என்பார்கள். ஆனால் ஒரே வருடத்தில் மூன்றரைக் கிலோ, எண் ஒன்றரை ஏறியிருக்கிறது. இப்போதே பாட்டில் பானம், மாலை நேர பேக்கரி, பாட்டி தரும் இரண்டாவது டம்ளர் பால் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்தால் அதிகம் பாடுபட வேண்டியிருக்காது. பத்து வயதில் கண்டுபிடித்தால் பெரும்பாடு.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிறந்தநாளையொட்டி அளந்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அங்கன்வாடியில் எடுக்கும் அளவைக் கேட்டு வாங்கினாலும் சரி.

சாப்பாட்டு மேசையில் பின்பற்றக்கூடிய முறை ஒன்று உண்டு. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் முடிவு. 'இன்னும் மூணே வாய்' பேரத்தை நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் சண்டைக்குப் போகாமல் வரைபடத்தைக் காட்டுங்கள். டாக்டர் வாயால் சொல்லவைப்பது இன்னும் நல்லது. ஒரு காலத்தில் உள்ளங்கையில் வைத்துக் காப்பாற்றிய குழந்தை அது. அவர்கள் பயம் நியாயமானது, ஆனால் காலாவதியாகிவிட்டது.

படி 8: ஓட்டம்

மிகவும் சீக்கிரம் பிறந்த குழந்தைகளில் பலருக்குக் கைகால் ஒத்திசைவு கொஞ்சம் தாமதமாக வரும். பந்தைப் பிடிக்கத் தவறுவார்கள், ஒற்றைக்காலில் நிற்கத் தடுமாறுவார்கள். நுரையீரலில் பாதிப்பு இருந்தவர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். கிரிக்கெட்டில் கடைசியாக எடுக்கப்படும் பிள்ளை கொஞ்ச நாளில் தானாகவே ஒதுங்கித் திண்ணையில் உட்கார்ந்துவிடும். கையில் போன் வந்துவிடும். எடை ஏறுவதற்கு உணவைவிட இது காரணமாக இருக்கும் வீடுகள் உண்டு.

போட்டி இல்லாத ஆட்டங்களைத் தேடுங்கள். நீச்சல், சைக்கிள், மரம் ஏறுவது, சிலம்பம், நடனம். ஒன்று முதல் நாலு வயது வரை நாள் முழுவதுமாகச் சேர்த்து மூன்று மணி நேர அசைவு, ஐந்து வயதுக்கு மேல் தினம் ஒரு மணி நேரம் வியர்க்கிற மாதிரி விளையாட்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள். தூக்கம் 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரிடம் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது என்று சொல்லிவையுங்கள். உட்காரவைக்கச் சொல்லி அல்ல, ஒதுங்கினால் கூப்பிட்டு விளையாடவைக்கச் சொல்லி.

படி 9: எப்போது டாக்டர்

எடை சரியாகவே இருந்தாலும் ரத்த அழுத்தத்தை மறக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சராசரியாகச் சில புள்ளிகள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வயதிலிருந்து வருடம் ஒரு முறை பார்க்கலாம். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதற்கு முன்பிருந்தே. குழந்தைக்குரிய சின்னக் கைப்பட்டை இருக்கிற இடத்தில் பார்க்க வேண்டும். பெரியவர்கள் பட்டையில் எடுத்தால் அளவு தப்பாக வரும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்துத் தடித்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். இன்சுலின் மிகுதியின் அடையாளமாக இருக்கலாம். தூக்கத்தில் தினமும் குறட்டை, ஆறு வயதுக்கு மேல் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுவது, ஒரே வருடத்தில் பிஎம்ஐ ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவுவது ஆகியவையும் போய்க் காட்ட வேண்டியவை. ஐந்து வயதுக்கு மேல் இந்திய பிஎம்ஐ வரைபடத்தில் 'பெரியவர்களின் பிஎம்ஐ 23க்குச் சமம்' என்ற கோடு அதிக எடைக்கும், '27க்குச் சமம்' என்ற கோடு பருமனுக்கும் எல்லை. மேல்நாட்டினருக்கான 25, 30ஐ விடக் குறைவாக வைத்திருப்பதற்குக் காரணம், நம்மவர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதுதான்.

டாக்டர் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகள் எழுதக்கூடும். எடையைக் குறைக்கச் சொல்வார் என்று பயந்து பலர் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். சிறு குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குறைக்கவே சொல்ல மாட்டார்கள். இருக்கிற எடையிலேயே ஆறு மாதமோ ஒரு வருடமோ நிற்கவைத்தால் போதும், உயரம் வளர்ந்து கணக்கை நேராக்கிவிடும். பட்டினி, டயட் பவுடர், இணையத்தில் வாங்கிய சூரணம் எதுவும் இதில் கிடையாது. ஐந்து வயதில் 105 செ.மீ.யும் 18.5 கிலோவுமாக இருந்த அந்தக் கற்பனைக் குழந்தை ஆறு வயதில் 112 செ.மீ. ஆகி எடை 19 கிலோவில் நின்றால், பிஎம்ஐ 15.1. அந்த வயதுக்கு அது நடுக்கோட்டை ஒட்டிய எண்.